திருடுபோன கைத்துப்பாக்கியின் வரிசை எண் தெரியவில்லை: இனி என்ன செய்யலாம்?

கேட்டிவாசி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். டெக்சாஸில், ஹூஸ்டனுக்கு மேற்கே குடியிருக்கிறேன். மூன்று வாரங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, உணவகத்தின் வாகன நிறுத்தத்தில் விட்டிருந்த என் காரின் பின்கண்ணாடியை உடைத்து, மடிக்கணினிப் பையையும் இருக்கைக்கு அடியில் இருந்த கைத்துப்பாக்கியையும் யாரோ எடுத்துச் சென்றுவிட்டார்கள். மடிக்கணினி போனதற்கு நான் வருந்தவில்லை. அந்தத் துப்பாக்கியால் எங்கோ ஒருவர் உயிர் போய்விடுமோ என்ற எண்ணம்தான் தூங்கவிடாமல் செய்கிறது.

வந்த காவலர் கண்ணாடித் துண்டுகளைப் படமெடுத்துக்கொண்டு, வழக்கு எண் எழுதிய சீட்டைக் கொடுத்துவிட்டு, "வரிசை எண் என்ன?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. 2019இல் வாங்கிய க்ளாக் 19 என்பது மட்டும் நினைவிருக்கிறது. பெட்டியை வீடு மாறியபோது தூக்கிப் போட்டுவிட்டோம். வாங்கியபோது பின்னணிச் சோதனை செய்தார்களே, அரசாங்கத்திடம் அந்த எண் இருக்காதா என்று கேட்டேன். அவர் தலையை மட்டும் அசைத்தார். அந்த எண்ணை இப்போது எங்கே தேடுவது? எண் இல்லாத புகாருக்குப் பயன் உண்டா? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கடைக்கணக்கர்

தம்பி, பதினோரு ஆண்டுகளாகத் துப்பாக்கிக் கடையில் வேலை பார்க்கிறேன். உங்களைப் போல மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது முகம் வாடிப்போய் எங்கள் கடைக்கு வருகிறார்கள். முதலில், வாங்கிய கடைக்கு இன்றே போங்கள். உரிமம் பெற்ற ஒவ்வொரு விற்பனையாளரும், கடைக்கு வந்த துப்பாக்கி எந்த நாளில் யாரிடமிருந்து வந்தது, எந்த நாளில் யாருக்குப் போனது என்பதை வரிசை எண்ணோடு ஒரு பதிவேட்டில் எழுதியாக வேண்டும். நாங்கள் அதைப் 'பவுண்ட் புக்' என்போம். இது தவிர, நீங்கள் கையெழுத்திட்ட 4473 எண் படிவமும் கடையில்தான் இருக்கிறது. அதிலும் துப்பாக்கியின் எண் இருக்கும். அடையாள அட்டையைக் காட்டி, வாங்கிய மாதத்தைச் சொன்னால், உங்கள் பெயருக்கு நேரே உள்ள எண்ணைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். பல கடைகள் ரசீதிலேயே அதை அச்சிடுகின்றன. ஆகவே பழைய மின்னஞ்சல்களையும் ஒருமுறை துழாவிப் பாருங்கள்.

அரசாங்கத்திடம் இருக்காதா என்று கேட்டீர்கள். இருக்காது, ஏனென்றால் சட்டமே அதைத் தடுக்கிறது. துப்பாக்கி உரிமையாளர்களின் மையப் பதிவேடு ஒன்றைக் கூட்டரசு உருவாக்கக் கூடாது என்று 1986ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பின்னணிச் சோதனையில் "விற்கலாம்" என்று பதில் வந்துவிட்டால், வாங்கியவரை அடையாளம் காட்டும் விவரங்களை 24 மணி நேரத்துக்குள் அழித்துவிட வேண்டும். எனவே உங்களையும் அந்த எண்ணையும் சேர்த்துக் காட்டும் ஆவணம் கடையின் அலமாரியில் மட்டுமே இருக்கிறது.

எண் இல்லாத புகாருக்குப் பயன் உண்டா என்பதற்கு மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு பதில் சொல்கிறேன்: துப்பாக்கியைப் பொறுத்தவரை ஏறக்குறைய இல்லை. எஃப்.பி.ஐ. நடத்தும் தேசியக் குற்றத் தகவல் மையத்தில் (எல்லோரும் என்.சி.ஐ.சி. என்பார்கள்) திருடுபோன துப்பாக்கிகளுக்கென 1967 முதல் ஒரு தனிக் கோப்பு இருக்கிறது. வரிசை எண் இல்லாமல் திருட்டுத் துப்பாக்கியை அதில் ஏற்றவே முடியாது. நாளைக்கே வேறொரு காவலர் உங்கள் துப்பாக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு கணினியில் தேடினாலும், பதிவு இல்லை என்றுதான் திரை சொல்லும்.

டாலஸ்_தமிழன்

மன்னிக்கவும், ஆனால் இந்த எண்ணுக்கு நாம் அளவுக்கு மீறிய மதிப்புக் கொடுக்கிறோமோ என்று எனக்குத் தோன்றுகிறது. திருடுகிறவன் எண்ணைச் சுரண்டிவிட்டால் எல்லாம் முடிந்தது. போதாததற்கு, எண்ணே இல்லாமல் உதிரிப் பாகங்களை வாங்கி வீட்டில் பூட்டுகிறார்கள். நண்பருக்கு வீண் நம்பிக்கை கொடுக்க வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

எஃகுத்தடம்

டாலஸ் நண்பர் சொல்வதை நான் மறுக்கிறேன். மாநிலக் குற்றவியல் ஆய்வகம் ஒன்றில் இருபது ஆண்டுகள் துப்பாக்கிப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். எங்கள் மேசைக்கு வந்த துப்பாக்கிகளில் மிகப் பெரும்பான்மையானவற்றில் எண் அப்படியே இருந்தது. திருடியவனுக்கு அதை உடனே விற்றுக் காசாக்குவதில்தான் குறி. அழிக்கப்பட்ட எண்ணுள்ள துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே கூட்டரசுச் சட்டப்படி தனிக் குற்றம் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

அழித்தாலும் கதை முடிந்துவிடுவதில்லை. எண்ணை எஃகில் அச்சாக அறையும்போது, கண்ணுக்குத் தெரியும் பள்ளத்துக்குக் கீழேயும் உலோகம் நசுங்கி இறுகிப்போகிறது. மேலே தெரிவது போனாலும் அந்த இறுக்கம் உள்ளே தங்கியிருக்கும். பரப்பைக் கண்ணாடி போல மெருகேற்றி, பஞ்சுக் குச்சியில் அமிலக் கலவையைத் தொட்டு மெதுவாகத் தடவிக்கொண்டே இருப்போம். நசுங்கிய பகுதியும் நசுங்காத பகுதியும் அமிலத்துக்கு ஒரே வேகத்தில் கரைவதில்லை. அந்த வேறுபாட்டில்தான் எழுத்து எழும். ஒரு முறை நாற்பது நிமிடம் ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டு, விளக்கைச் சற்றுச் சாய்த்ததும் சாம்பல் நிறத்தில் ஒரு '7' மேலேறி வந்தது. அடுத்த இலக்கம் தோன்றுவதற்குள் அது மங்கத் தொடங்கிவிட்டது. அதனால்தான் தோன்றத் தோன்றப் படமெடுத்துக்கொண்டு, இன்னொரு நிபுணரைத் தனியாகப் படிக்கச் சொல்லி, இருவர் படித்ததும் ஒத்துப்போனால் மட்டுமே அறிக்கையில் எழுதுவோம். எல்லா முறையும் முழு எண் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆறு இலக்கத்தில் நான்கு கிடைத்தால்கூட, தயாரிப்பாளர், மாதிரி, குண்டளவு ஆகியவற்றோடு சேர்த்துத் தேடலைச் சுருக்க முடியும்.

எண் எவ்வளவு ஆழமாக இருக்க வேண்டும் என்பதற்கும் விதி இருக்கிறது. 2002 சனவரி இறுதியிலிருந்து, அமெரிக்காவில் தயாராகும் அல்லது இறக்குமதியாகும் துப்பாக்கியில் எண்ணின் ஆழம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்குக்கும், எழுத்தின் உயரம் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்குக்கும் குறையக் கூடாது. உதிரிப் பாகத் தொகுப்புகளைப் பொறுத்தவரை, அவற்றுக்கும் வரிசை எண் வேண்டும் என்று 2022இல் வந்த விதியை உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் நிலைநிறுத்தியது.

பழம்பதிவு

எண்ணால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் இரண்டு துப்பாக்கிகள் சாட்சி. ஒன்றில் எண்ணும் இருந்தது, அதைத் தொடர்ந்து எழுதப்பட்ட காகிதமும் இருந்தது. மற்றொன்றில் எண் மட்டுமே இருந்தது.

முதலாவது, அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக்கொல்லப்பட்ட 1963 நவம்பர் 22 அன்று டாலஸ் பாடநூல் கிடங்கின் ஆறாவது மாடியில் கிடைத்த இத்தாலியத் துப்பாக்கி. அதில் C2766 என்ற எண் பொறிக்கப்பட்டிருந்தது. எஃப்.பி.ஐ. அதிகாரிகள் அத்தகைய துப்பாக்கிகளை விநியோகித்த நியூயார்க் நிறுவனத்தைக் கண்டறிந்தார்கள். அந்தத் துப்பாக்கி சிகாகோவில் உள்ள க்ளைன்ஸ் என்ற அஞ்சல்வழி விற்பனைக் கடைக்கு அனுப்பப்பட்டது என்று அந்நிறுவனத்தின் கணக்கு காட்டியது. க்ளைன்ஸ் கடையின் மேலாளர்கள் அன்றிரவு 10 மணிக்கு நுண்படச் சுருள்களைச் சுழற்றத் தொடங்கி, விடியற்காலை 4 மணிக்கு அந்த ஆணைச் சீட்டைக் கண்டுபிடித்தார்கள்: ஏ. ஹைடெல், அஞ்சல் பெட்டி 2915, டாலஸ், அனுப்பிய நாள் மார்ச் 20. பெயர் பொய். ஆனால் அஞ்சல் பெட்டியும் கையெழுத்தும், கென்னடியைச் சுட்ட ஆஸ்வால்டைக் காட்டிக்கொடுத்தன. துப்பாக்கிகளுக்கு வரிசை எண்ணைக் கட்டாயமாக்கிய 1968ஆம் ஆண்டுச் சட்டம் வருவதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன், கணினி இல்லாமல், ஒரே இரவில் இது நடந்தது.

இரண்டாவது, 1948 சனவரி 30 அன்று காந்தியடிகளின் உயிரைப் பறித்த பெரெட்டா. அதன் எண் 606824. வழக்கு ஆவணங்களில் தெளிவாக இருக்கிறது. கோட்சே அதைக் குவாலியரில் பெற்றான் என்பது வரை வழக்கில் வெளிவந்தது. கைமாற்றியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் சிலர் தலைமறைவானார்கள். இத்தாலியில் தயாரான கைத்துப்பாக்கி குவாலியர் வரை யார் யார் கை வழியாக வந்தது என்பது ஆவணங்களால் நிறுவப்படவே இல்லை. அந்த ஆறு இலக்கங்களையும் படிக்க முடிகிறது. அவற்றை எழுதிவைத்த கணக்குப் புத்தகங்கள்தான் நம்மிடம் இல்லை. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

தென்காசிக்காரன்

கேட்டிவாசி அவர்களுக்கு ஆறுதல். ஊரில் என் தந்தையாரிடம் உரிமம் பெற்ற இரட்டைக்குழல் துப்பாக்கி இருக்கிறது. தேர்தல் அறிவித்தால் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். ஸ்டேஷன் ரைட்டர் உரிமப் புத்தகத்தில் உள்ள எண்ணையும் துப்பாக்கியில் உள்ள எண்ணையும் விரல் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துத்தான் ரசீது தருவார். அங்கே இந்த மாதிரி உரிமத்தில் எண் ஏறாதா?

கடைக்கணக்கர்

ஏறாது ஐயா, வேறுபாடே அதுதான். உங்கள் ஊரில் எண் ஆளோடு போகிறது. இங்கே எண் முதல் விற்பனையோடு நின்றுவிடுகிறது.

குற்றம் நடந்த இடத்தில் ஒரு துப்பாக்கி கிடைத்தால், காவல்துறை அதன் விவரத்தை மேற்கு வர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்பர்க் என்ற ஊரில் உள்ள தேசியத் தடமறி மையத்துக்கு அனுப்புகிறது. துப்பாக்கிச் சட்டங்களை நடைமுறைப்படுத்தும் கூட்டரசு அமைப்பான ஏ.டி.எஃப். நடத்தும் அந்த ஒரே மையத்துக்குத்தான் நாடு முழுவதிலிருந்தும் ஆண்டுக்கு ஆறு லட்சத்துக்கும் மேலான விசாரணைகள் போகின்றன. அங்கிருப்பவர்கள் தயாரிப்பாளரைத் தொலைபேசியில் கேட்பார்கள். அவர் மொத்த வியாபாரியைச் சொல்வார். மொத்த வியாபாரி எங்களைப் போன்ற கடையைச் சொல்வார். நாங்கள் பவுண்ட் புக்கைப் புரட்டி 4473 படிவத்தில் உள்ள பெயரைச் சொல்வோம். எங்கள் கடைக்கு அப்படி அழைப்பு வந்தால் 24 மணி நேரத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். மூடப்பட்ட கடைகளின் பதிவேடுகள் மார்ட்டின்ஸ்பர்க்குக்கே போய்விடுகின்றன. பெட்டி பெட்டியாகக் குவிந்து, கட்டடத்தில் இடம் போதாமல், வெளியே கப்பல் கொள்கலன்களில் அடுக்கிவைத்த காலமும் உண்டு. அவற்றைப் படமாக மாற்றுகிறார்கள்; ஆனால் பெயரைத் தட்டித் தேடச் சட்டம் இடம் தராது என்பதால் பக்கம் பக்கமாகத்தான் பார்க்க வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டுக் கிடைப்பது முதன்முதலாகக் கடையில் வாங்கியவரின் பெயர் மட்டுமே. உங்கள் க்ளாக் நாளைக்கு ஒரு கொலை நடந்த இடத்தில் கிடைத்தால், தடம் வந்து நிற்கப்போவது உங்கள் வீட்டு வாசலில், தம்பி. அன்றைக்கு "இந்தத் தேதியில் திருடுபோனது, இதோ எண்ணோடு புகார்" என்று நீட்டுவதற்கு உங்களிடம் ஒரு தாள் இருக்க வேண்டும். கடைகளில் திருட்டுப்போனால் தெரிந்த 48 மணி நேரத்துக்குள் ஏ.டி.எஃப்.புக்கும் உள்ளூர்க் காவலுக்கும் சொல்ல வேண்டும் என்று கூட்டரசுச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. தனியாருக்கு அப்படி ஒரு கூட்டரசுச் சட்டம் இல்லை. நியூ ஜெர்சியில் 36 மணி நேரம், கலிஃபோர்னியாவில் ஐந்து நாள் என்று சில மாநிலங்கள் கெடு வைத்திருக்கின்றன. நம் டெக்சாஸில் அதுவும் கிடையாது. 2017 முதல் 2021 வரையிலான ஐந்தாண்டுகளில் தனியாரிடமிருந்து திருடுபோனதாகப் புகாரான துப்பாக்கிகள் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல். புகார் கொடுக்காதவர்கள் எத்தனை பேரோ! இதை மாற்றியே ஆக வேண்டும் என்று துப்பாக்கி விற்றுப் பிழைக்கிற நானே சொல்கிறேன்.

கேட்டிவாசி

கடைக்குப் போனேன். கணினியில் என் பெயரைத் தட்டிய பெண் இரண்டே நிமிடத்தில் எண்ணை ஒரு சிறு அட்டையின் பின்புறம் எழுதிக் கொடுத்தார்: நான்கு எழுத்துகள், மூன்று இலக்கங்கள். காவல்துறைப் பதிவுப் பிரிவைத் தொலைபேசியில் அழைத்து எண்ணைச் சொல்லி, புகாரில் சேர்த்துவிட்டேன். கடைக்கணக்கர் அண்ணாவுக்கு என் மனமார்ந்த நன்றி.

எஃகுத்தடம்

நல்லது. ஆனால் தொலைபேசியில் சொன்னதோடு விட்டுவிடாதீர்கள். நேரில் போய், திருத்திய புகாரின் அச்சுப் படியைக் கையில் வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். 'ஓ' என்ற எழுத்தும் பூச்சியமும், 'ஐ' என்ற எழுத்தும் ஒன்றும், 'பி'யும் எட்டும் மாறிப்போய்க் கெட்ட வழக்குகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முன்னால் வரும் எழுத்துகளை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுபவர்கள் உண்டு. காப்புரிமை எண்ணையோ மாதிரி எண்ணையோ வரிசை எண் என்று எழுதியனுப்புபவர்களும் உண்டு. வெவ்வேறு நிறுவனங்களின் துப்பாக்கிகளில் ஒரே எண் இருக்கக்கூடும் என்பதால், தயாரிப்பாளர் பெயர், மாதிரி, குண்டளவு ஆகியவையும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

என்.சி.ஐ.சி. பதிவு ஏறிவிட்டதா என்றும், அதற்குரிய எண் என்ன என்றும் கேட்டு வாங்குங்கள். திருட்டுத் துப்பாக்கியின் பதிவு ஆண்டுக் கணக்கில் காலாவதியாவதில்லை. ஏற்றிய துறையே நீக்கும்வரை இருக்கும். இருபது ஆண்டுகள் கழித்து யாரோ ஒருவரின் இறப்புக்குப் பின் பரணிலிருந்து எடுக்கப்பட்ட துப்பாக்கிகூட இப்படி உரியவருக்குத் தெரியவந்திருக்கிறது.

கேட்டிவாசி

அம்மா, உங்கள் வார்த்தையைக் கேட்டு இன்று காலை நேரில் போனேன். அச்சுப் படியில் மூன்றாவது எழுத்து 'டி' என்று இருந்தது. என் அட்டையில் 'பி'. நான் தொலைபேசியில் 'பி' என்று சொன்னது அந்த முனையில் 'டி' என்று காதில் விழுந்திருக்கிறது. பதிவுப் பிரிவு அலுவலர் என் முன்னாலேயே திருத்தி, புதிய படியை அச்சிட்டு, என்.சி.ஐ.சி. பதிவு எண்ணையும் மேலே எழுதிக் கொடுத்தார். உலகில் இல்லாத ஒரு துப்பாக்கியைப் பத்து நாட்களாக நாடே தேடிக்கொண்டிருந்திருக்கிறது. என் கை நடுங்கிவிட்டது.

டாலஸ்_தமிழன்

முன்பு நான் எழுதியது அவசரத்தில் எழுதியது. எஃகுத்தடம் அம்மாவின் விளக்கத்துக்கு நன்றி. ஒரு சந்தேகம். தனியாரிடம் பழைய துப்பாக்கி வாங்குகிறவர், அது திருட்டுப் பொருளா என்று தாமே பார்க்க முடியுமா?

கடைக்கணக்கர்

என்.சி.ஐ.சி. காவல்துறைக்கு மட்டுமே திறக்கும். ஃப்ளோரிடாவில் மாநிலக் காவல் அமைப்பு, அங்கே திருடுபோனதாகப் பதிவான துப்பாக்கிகளைப் பொதுமக்களே எண்ணைக் கொடுத்துத் தேடும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. மற்ற இடங்களில், பணம் கொடுப்பதற்கு முன் எண்ணைக் காவல் நிலையத்தில் கொடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். சில நிலையங்கள் பார்த்துச் சொல்கின்றன. எண்ணைப் படமெடுக்க விடாத விற்பனையாளரிடம் வாங்கவே வாங்காதீர்கள்.

இன்னொன்று. உரிமையாளர்கள் தம் துப்பாக்கி விவரங்களை எழுதிவைப்பதற்கென்றே ஏ.டி.எஃப். ஒரு சிறு குறிப்பேட்டை இலவசமாக வெளியிடுகிறது. துப்பாக்கியோடு சேர்த்துப் பெட்டியில் வைக்காமல் வேறிடத்தில் வையுங்கள். இன்றிரவே எழுதுங்கள். உங்களுடையது க்ளாக்காக இருந்தால், குழலுக்குக் கீழே துப்பாக்கியின் உடற்சட்டகத்தில் பதித்த சிறு உலோகத் தகட்டில் எண் இருக்கும். மேலே முன்னும் பின்னும் நகரும் 'ஸ்லைடு' பாகத்திலும் குழலிலும் அதே எண் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டிவாசி (பதினான்கு மாதங்களுக்குப் பின்)

இந்த இழையை மீண்டும் மேலே கொண்டுவருவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். சென்ற செவ்வாய்க்கிழமை காவல்துறையிலிருந்து அழைப்பு வந்தது. லூசியானாவில் நெடுஞ்சாலையில் நிறுத்திச் சோதித்த ஒரு காரில் கைத்துப்பாக்கி ஒன்று கிடைத்திருக்கிறது. அங்கிருந்த காவலர் தகட்டில் இருந்த எண்ணைத் தட்டியதும் எங்கள் ஊர்ப் பதிவு எழுந்திருக்கிறது. பதிவு இன்னும் செல்லுபடியாகிறதா என்று அவர்கள் இங்கே கேட்டு உறுதி செய்த பிறகுதான் பறிமுதல் செய்தார்களாம். இடையில் யாருக்கும் காயம் ஏற்பட்டதா என்று முதலில் கேட்டேன். தங்களுக்குத் தெரிந்த எந்த வழக்கிலும் அது தொடர்புபடவில்லை என்றார்கள். வெகுநேரம் பேச முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

எஃகுத்தடம்

மிக மிக மகிழ்ச்சி. ஆனால் உடனே கைக்கு வராது. பிடிபட்டவர் மீதான வழக்கு முடியும்வரை அது சான்றுப்பொருள். மேல்முறையீடு இருந்தால் அதுவும் முடிய வேண்டும். திருப்பித் தருவதற்கு முன் பல துறைகள் உரிமையாளரின் பின்னணியையும் சோதிக்கின்றன. காப்பீட்டுத் தொகை வாங்கியிருந்தால் துப்பாக்கி காப்பீட்டு நிறுவனத்துக்கே சொந்தமாகிவிடக்கூடும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டிவாசி

காப்பீடு எதுவும் வாங்கவில்லை, அம்மா. இன்று அந்த ஊர்ச் சான்றுப்பொருள் அறை அலுவலர் அழைத்தார். வழக்கு முடிய ஓராண்டு ஆகலாம் என்றார். உரிமையை உறுதி செய்ய எண்ணைச் சொல்லுங்கள் என்று கேட்டார். அந்தச் சிறு அட்டை இன்னும் என் பணப்பையில்தான் இருக்கிறது. மூன்றாவது எழுத்து வந்ததும் நிறுத்தி, "பி, பாஸ்டனில் வரும் பி" என்றேன். "பாஸ்டன், சரி" என்று அவர் திருப்பிச் சொன்ன பிறகுதான் நான்காவது எழுத்துக்குப் போனேன்.